பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும் முன்… தைராய்டு உள்ள சகோதரிகள் கவனத்துக்கு



வங்கியில் கடன் கேட்கப் போகும்போது நாம் எப்படிப் போகிறோம்? முதல் நாளே ஊக்குநரும் பிரதிநிதியும் உட்கார்ந்து தீர்மான நோட்டு, பாஸ் புத்தகம், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைக்கிறார்கள். மேனேஜர் என்ன கேட்பார், யார் பதில் சொல்வது என்று பேசி வைத்துக் கொள்கிறோம். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு வாரத் தயாரிப்பு!

ஆனால் நம் உடம்புக்காகப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும்போது? கையை வீசிக்கொண்டு போகிறோம். "டாக்டருக்குத் தெரியாததா?" என்று நினைத்துக் கொள்கிறோம். டாக்டருக்கு நோயைப் பற்றித் தெரியும். ஆனால் நாம் என்ன மாத்திரை எப்படிப் போடுகிறோம் என்பது நாம் சொன்னால்தானே தெரியும்?

நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா. வயது 38. அவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். "நாலு பேருக்கு உதவும்னா எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்றார்.

அந்த அக்காவுக்கு ஒரு வருடமாகத் தைராய்டு மாத்திரை. போட்டும் அசதி தீரவில்லை. உள்ளூர் டாக்டர் மாத்திரையின் அளவை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, "சென்னையில தைராய்டு ஸ்பெஷலிஸ்டைப் பாருங்கம்மா, அடையாறுல ஒருத்தர் இருக்கார்" என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், வீட்டில் ஒரே அழுகை! நம் பக்கத்தில் "அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மாமியார் சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது. அதனால் ஊரின் பெயரே நோயின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அடையாறு என்பது பெரிய பகுதி. அங்கே சர்க்கரை, தைராய்டு, கண், பல் என்று எல்லாவற்றுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆகவே பயப்படும் முன், சீட்டில் என்ன துறை, எந்த டாக்டர் என்று எழுதியிருக்கிறது எனப் படித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

சரிங்க, அக்கா அந்தப் பயத்தோடு கிளம்பினார். போகும் முன் ஒரு காரியம் செய்தார். "மாத்திரை போட்டா நோய் மறைஞ்சிடும், டாக்டருக்கு நிஜமான நோய் தெரியணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துப் போகவில்லை. டாக்டர் பார்த்தார். "மாத்திரையை நிறுத்திட்டு வந்தா எனக்கு என்னம்மா தெரியும்? மறுபடி ஒழுங்காப் போட்டு, ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பஸ் செலவு, ஃபீஸ், இரண்டு பேரின் ஒரு நாள் கூலி, எல்லாம் வீண்.

இரண்டாவது தடவை எங்களிடம் வந்தார். எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு தாள் எழுதினோம். அந்தத் தாளில் என்ன கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் நோயைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

தைராய்டு என்றால் என்ன?

தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல, எல்லோருக்கும் உள்ள ஒரு சுரப்பியின் பெயர். முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கிறது. அதில் சுரக்கும் நீர்தான் உடம்பின் வேகத்தைக் கவனிக்கிறது. அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சுரப்பு குறைந்தால் தீ மங்கும். அசதி, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், மறதி, மாதவிலக்கில் அதிகப் போக்கு, குழந்தை தங்குவதில் தாமதம் ஆகியவை வரலாம்.

சுரப்பு அதிகமானால் தீ எரிந்து தள்ளும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தல், நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, அடிக்கடி மலம் போதல், சிலருக்குக் கண் பிதுங்குதல் ஆகியவை வரலாம்.

மூன்றாவது வகை, கழுத்தில் வீக்கம் அல்லது கட்டி. இதை முன்கழுத்துக் கழலை என்கிறோம். சுரப்பு சரியாக இருக்கும்போதும் கட்டி வரலாம். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எப்படி என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒரு எண் இருக்கும். அது அதிகமாக இருந்தால் "எனக்குத் தைராய்டு அதிகம்" என்று பலர் சொல்கிறோம். அப்படியில்லை! டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "வேலை செய்" என்று போடும் சத்தம். ஆள் மந்தமாக வேலை செய்தால் மேஸ்திரி சத்தம் கூடும் அல்லவா? அதுபோல் தைராய்டு குறைவாகச் சுரந்தால் டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் மேஸ்திரி சத்தம் அடங்கிவிடும், டி.எஸ்.எச். இறங்கும். பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்பார்கள். பரிசோதனை நிலையத்துக்கு நிலையம் இது கொஞ்சம் மாறும். கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு. ஆகவே எண்ணை வைத்து நாமே முடிவு கட்ட வேண்டாம்.

எந்த டாக்டர்? எங்கே?

தைராய்டுக்கான சிறப்பு மருத்துவரை எண்டோகிரைனாலஜிஸ்ட் என்பார்கள். அரசு மருத்துவமனைப் பலகையில் "நாளமில்லாச் சுரப்பி" என்று தமிழில் இருக்கும். கட்டிக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்குத் தனி அறுவைச் சிகிச்சை நிபுணர்.

எடுத்த எடுப்பில் சென்னைக்கு ஓட வேண்டாம். முதலில் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ காட்டி, பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். பலருக்கு அங்கேயே சிகிச்சை முடிந்துவிடும்.

சென்னை என்றால், சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பித் துறையும், அந்தச் சுரப்பிகளுக்கான அறுவைச் சிகிச்சைத் துறையும் உள்ளன. செங்கல்பட்டு மார்க்கத்து மின்சார ரயிலில் வந்தால் பார்க் ஸ்டேஷனில் இறங்கலாம். மயிலாப்பூருக்குப் பக்கத்தில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. அடையாறை அடுத்த தரமணியில் வி.எச்.எஸ். என்ற தொண்டு மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி அவர்கள் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்காகத் தொடங்கியது அது.

தனியார் டாக்டர்கள் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் நிறையப் பேர். தி.நகருக்கு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் மேலேயே நடந்து போகலாம். மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை ஸ்டேஷன். அடையாறு பக்கம் போக இந்திரா நகர் அல்லது திருவான்மியூர்.

எங்கே போனாலும் கிளம்பும் முன் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள். சிறப்பு மருத்துவர் எந்தக் கிழமை பார்ப்பார்? எத்தனை மணிக்குள் சீட்டுப் போட வேண்டும்? தனியார் என்றால் ஃபீஸ் எவ்வளவு? அரசு மருத்துவமனைகளில் சிறப்புப் பிரிவுகள் தினமும் நடக்கும் என்று நினைத்துக் கொள்ள வேண்டாம். கிழமை தெரியாமல் போனால் ஒரு நாள் போயிற்று.

அந்த ஒரு தாள்

நோட்டில் ஒரு பக்கம் போதும். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள்.

1. என்ன தொந்தரவு, எத்தனை மாதமாக? முக்கியமான மூன்றை மேலே எழுதுங்கள். "உடம்பே சரியில்லைங்க" என்று சொன்னால் டாக்டருக்குப் புரியாது. "ஆறு மாசமா அசதி, நாலு கிலோ கூடிட்டேன், தீட்டு பத்து நாள் போகுது" என்றால் புரியும்.

2. என்னென்ன மாத்திரை, என்ன அளவு, எந்த நேரம், எதோடு சேர்த்து? தைராய்டு மாத்திரை மட்டுமல்ல. சர்க்கரை, பிரஷர், சத்து மாத்திரை, கால்சியம், நாட்டு மருந்து, முடி கொட்டுவதற்குக் கடையில் வாங்கிய மாத்திரை எல்லாம் எழுதுங்கள். அட்டையையும் டப்பாவையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

3. கடைசி மாதவிலக்கு தேதி. கர்ப்பமா, கர்ப்பம் ஆகும் எண்ணம் உண்டா, பால் கொடுக்கிறீர்களா? சில ஸ்கேனும் மருந்தும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டுங்கள், போதும்.

4. பிரசவம், கருச்சிதைவு, ஆபரேஷன் விவரம்.

5. குடும்பத்தில் அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது தைராய்டு உண்டா? கழுத்தில் கட்டி, ஆபரேஷன் உண்டா?

6. வேறு நோய்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயர்.

7. வீட்டில் என்ன உப்பு? அயோடின் சத்து குறைந்தாலும் கழலை வரும். சிரிக்கும் சூரியன் படம் போட்ட பாக்கெட்டில் அயோடின் சேர்த்த உப்பு இருக்கும். அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்க 2006 முதல் தடை உண்டு. ஆனாலும் மூட்டையில் அள்ளித் தரும் கல் உப்பை வாங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறோம்.

இந்தத் தாளோடு பழைய பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரு உறையில் வையுங்கள். ஒரே ஒரு ரிப்போர்ட் போட்டோ மாதிரி. வரிசையாக நாலு இருந்தால் நோய் எப்படிப் போகிறது என்று டாக்டருக்குத் தெரியும்.

ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். இந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது, வெளிநோயாளியாக டாக்டரைப் பார்க்கும் ஃபீஸுக்கு அல்ல. ஆபரேஷன் என்று சொன்னால், அங்கே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

போகும் முன் செய்யக் கூடாதது, செய்ய வேண்டியது

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அக்காவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்த பிறகு தைராய்டு மாத்திரையைப் போட்டுக் கொள்ளுங்கள். மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

தைராய்டு பரிசோதனைக்கு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். முன்னதாகவே கேளுங்கள்.

முடி வளரும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார், தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வார். கழுத்து மூடிய ஜாக்கெட், சுடிதார் வேண்டாம். நகைகளை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, ஸ்கேன் எடுக்கும்போது கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

கட்டி இருந்தால் மெல்லிய ஊசியால் குத்தி, கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். "ஊசி குத்தினா பரவிடும்" என்ற பேச்சை நம்பி ஓடி வந்துவிடாதீர்கள். ரத்தம் எடுப்பது போன்ற ஊசிதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். கணவர், மகள், குழு உறுப்பினர் யாராக இருந்தாலும் சரி. டாக்டர் சொல்வதில் பாதி நம் பதற்றத்தில் காதில் ஏறாது. அவர் கேட்டு எழுதிக் கொள்ளட்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எனக்குச் சுரப்பு குறைவா, அதிகமா, கட்டியா? என்ன காரணம்? மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும்? எவ்வளவு காலம்? அடுத்த பரிசோதனை எப்போது? குழந்தை பெற நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?

இந்தக் கேள்விகளைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, பதிலையும் அங்கேயே எழுதுங்கள். புரியவில்லை என்றால், "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

தாளில் கிடைத்தது

இப்போது நம் அக்கா கதைக்கு வருவோம். தாளில் இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதினோம்: "காலையில எழுந்ததும் தைராய்டு மாத்திரையும், நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரையும் ஒண்ணாப் போட்டு டீ குடிப்பேன்."

டாக்டர் தாளைப் படித்தார். இந்த வரியில் நிறுத்தினார். "இதுதாம்மா விஷயம்!" என்றார்.

சத்து மாத்திரையில் இரும்புச் சத்து இருக்கிறது. அது தைரக்ஸின் மாத்திரையை வயிற்றில் பிடித்து வைத்துக் கொள்கிறது, ரத்தத்தில் சேர விடுவதில்லை. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். டீ, காபியும் கெடுக்கும். தைரக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, டிபன். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒரு வருடமாக அக்கா ஒழுங்காகத்தான் மாத்திரை போட்டார். காசும் செலவழித்தார். சேர்த்துப் போட்டதால் மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை. இதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டாக்டர் அளவைக் கூட்டவில்லை. சத்து மாத்திரையை இரவுக்கு மாற்றினார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். இறங்கியிருந்தது. "இப்ப மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கலீங்க" என்கிறார்.

வந்த பிறகும் கவனம்

மாத்திரையின் அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பரிசோதனையில் சரியாகத் தெரியும். ஒரு வாரத்தில் குணமாகவில்லை என்று டாக்டரை மாற்ற வேண்டாம். நன்றாக ஆனதும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

தைரக்ஸின் சாப்பிடுகிறவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு இது அவசியம். "கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது" என்று நிறுத்துவதுதான் ஆபத்து.

அதிகச் சுரப்புக்குக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும். கட்டி வேகமாகப் பெருத்தால், குரல் மாறினால், விழுங்க முடியாவிட்டால், அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். மூச்சு முட்டினால் உடனே 108.

ஒன்று மட்டும் மனம் விட்டுச் சொல்கிறோம். தைராய்டு இருப்பதைப் புகுந்த வீட்டில் மறைத்து, அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் மருமகள்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். இது ஒட்டுகிற நோய் அல்ல, வெட்கப்படுகிற நோயும் அல்ல. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம். மறைத்தால் வேளை தவறும், பரிசோதனை தவறும். மாமியார்களாகிய நாமும் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காலையில் அதோடு வேறு என்ன போடுகிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லட்டும். டாக்டரிடம் போக இருப்பவருக்கு அங்கேயே உட்கார்ந்து தாளை எழுதிக் கொடுங்கள். துணைக்குப் போக ஒருவரையும், தேவைப்பட்டால் உள்கடனையும் அன்றே தீர்மானத்தில் எழுதுங்கள்.